சுடலை, இசக்கி, பிச்சை: நெல்லைச் சீமைப் பேர்கள் பற்றிச் சில கேள்விகள்

சுடலைமுத்து, பெங்களூரு (சொந்த ஊர் சீவலப்பேரிப் பக்கம்): அண்ணாச்சி, ஆபீஸில் 'முத்து' என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். முழுப் பேரைச் சொன்னால் தமிழ் ஆட்களே "சுடுகாடா?" என்று கேட்கிறார்கள். வேறு நல்ல அர்த்தம் உண்டா?

தம்பி, சுடலை என்றால் சுடுகாடுதான். அதை மழுப்பி வேறு அர்த்தம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் உங்களுக்குப் பேர் வைத்தவர் சுடுகாட்டை நினைத்து வைக்கவில்லை, சுடலைமாடனை நினைத்து வைத்தார். கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். கைலாசத்து விளக்கில் தெறித்த சுடரைப் பார்வதி முந்தானையில் ஏந்துகிறாள், அது பிள்ளையாகிறது. அந்தப் பிள்ளை ராத்திரி சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதால் கைலாசத்தில் இடமில்லாமல் பூமிக்கு வருகிறது, ஊர்களுக்குக் காவலாக நிற்கிறது. சிவனே சுடலைப் பொடி பூசியவன்தானே? சம்பந்தரின் முதல் பதிகம், முதல் பாட்டிலேயே "காடுடைய சுடலைப் பொடி பூசி" என்று வருகிறது. முத்து என்று சுருக்கிக் கூப்பிடுவதில் தப்பே இல்லை. யாராவது கேட்டால் மட்டும் "எங்க ஊர்க் காவல் சாமி பேர்" என்று சொல்லிவிடுங்கள், போதும்.

இசக்கியம்மாள், நாங்குநேரி: என் பேர் பேய்ப் பேர் என்று கல்லூரியில் கேலி செய்கிறார்கள். இது தமிழ்ப் பேர்தானா?

தங்கச்சி, கேலி செய்கிறவர்களிடம் சிலப்பதிகாரத்தைக் கொடுங்கள். அடைக்கலக் காதையில் மதுரைக்கு வெளியே "பூங்கண் இயக்கி"க்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள் மாதரி. அப்படி வரும்போதுதான் கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலம் கொடுக்கிறார். அந்த இயக்கிதான் நம் வாயில் இசக்கி ஆனாள். வடமொழியில் யட்சி என்பார்கள். சமணர்களும் இயக்கியரை வணங்கியவர்கள். கழுகுமலைக்குப் போனால் வெட்டுவான் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அதே மலையில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களுக்கு நடுவே சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா இயக்கியையும் பாருங்கள். அம்பிகா பிள்ளைக்காரி. நம் இசக்கி கையிலும் பிள்ளை உண்டு. இரண்டு பேருக்கும் உறவு உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

இசக்கி கோபக்காரி என்பதும் நிஜம். பழிவாங்கின நீலி கதையை அவளோடு சேர்த்துத்தான் நம் பக்கம் பாடுகிறார்கள். ஆனால் பிள்ளை வரம் கேட்கிறவர்கள் போய் நிற்பதும் அவள் முன்னால்தான். கோயிலில் கட்டியிருக்கும் மரத்தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், உள்ளே ஒரு சின்ன மரப் பொம்மை. உங்கள் வீட்டிலும் யாரோ அப்படி ஒன்றைக் கட்டியிருக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள்.

மைதீன் பிச்சை, கடையநல்லூர்: வாப்பா நன்றாகச் சம்பாதித்தவர். எனக்கு ஏன் 'பிச்சை' என்று வைத்தார்?

முகைதீன் என்றால் மார்க்கத்துக்கு உயிரூட்டியவர். பக்தாதில் அடங்கிய அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பேர். நம் பக்கம் பொட்டல்புதூர்ப் பள்ளிவாசல் அவர் பேரில்தான் இருக்கிறது, இந்துக்களும் அங்கே நேர்ந்துகொள்வார்கள். மைதீன் பிச்சை என்றால் அவர் பொருட்டால் கிடைத்த பிள்ளை. கேட்டுப் பெற்றதால் பிச்சை.

இந்து வீடுகளிலும் பிச்சையா, பிச்சம்மாள், குப்பம்மாள் நிறைய உண்டு. முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைச் சுளகில் (முறத்தில்) கிடத்திக் குப்பைமேட்டில் வைப்பார்கள். வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். பெற்றவள் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். இது எங்கள் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கினது என்று சாவை ஏமாற்றுகிற வேலை. எத்தனை பயந்திருந்தால் இப்படிச் செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிச்சை என்று கூப்பிட்டால் யாரும் கண் வைக்க மாட்டார்கள் என்ற நினைப்பும் அதில் உண்டு.

கோமதி, சங்கரன்கோவில்: என் ஆச்சி ஆவுடையம்மாள். என் பேரை ஆச்சி பேருக்குப் பதிலாக வைத்ததாகச் சொல்கிறார்கள். எப்படி?

பதிலாக இல்லை, அதே பேர்தான். கோ, ஆ இரண்டும் பசு. இரண்டு பேரும் உங்கள் ஊர்க் கோமதி அம்மனுக்கு உரியவை, தேவர்கள் பசுக்களாக வந்து சூழ நின்றவள் அவள். ஆடித்தபசில் சிவனைச் சங்கரநாராயணராகக் காட்சி தரும்படி கேட்டதும் அவளேதான்.

போதும்பொண்ணு, வள்ளியூர்ப் பக்கம்: நான்காவது பெண் நான். என் பேருக்கும் பெருமைப்படச் சொல்வீர்களா அண்ணாச்சி?

இல்லை தங்கச்சி. மேலே சொன்ன பேர்களில் பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது. உங்கள் பேரில் அது இல்லை. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று உங்கள் தலையில் ஒரு வேண்டுதலை ஏற்றிவிட்டார்கள். மரபு என்பதற்காக அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயது முடிந்திருந்தால் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து, தமிழ்நாடு அரசிதழில் பேர் மாற்றத்தை வெளியிடலாம். அந்த அரசிதழ் பிரதியை வைத்து ஆதார், வங்கி எல்லாவற்றிலும் மாற்றிக்கொள்ளலாம். புதுப் பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள். சோதிடர் வேண்டாம், எண் கணிதமும் வேண்டாம். மாற்றாமலே இருக்கிறேன் என்றாலும் அது உங்கள் முடிவு.

சங்கர், பாளையங்கோட்டை: மகனுக்கு அப்பா பேரான 'குழைக்காதன்' வைக்க ஆசை. மனைவி, "மாமனார் பேரைச் சொல்லி எப்படி அதட்ட?" என்கிறாள்.

அருமையான பேர். தென்திருப்பேரைப் பெருமாள் மகரநெடுங்குழைக்காதர், காதில் மீன் வடிவக் குண்டலம் போட்டவர். நம்மாழ்வார் பாடிய தலம். மதினி சொல்வதும் நியாயம்தான். அதற்குத்தான் நம் வீடுகளில் சான்றிதழுக்கு ஒரு பேர், கூப்பிட ஒரு பேர் என்று வைத்தார்கள். கூப்பிடும் பேரை மதினியே வைக்கட்டும். பிறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிடுங்கள், பேர் முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு.