பல் வைத்தியப் படிப்பு கிடைக்காவிட்டாலும் மகளுக்கு வழி உண்டு

அன்புள்ள அக்கா,

பல் வைத்தியப் படிப்புக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) காணாவிட்டால் மகளின் ஆசை அவ்வளவுதானா என்று ஹட்டனிலிருந்து எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை. அவள் ஆசைப்படுவது பல் பிடுங்கும் வேலைக்கு அல்ல. முரசு (பல் ஈறு) நோயில் கரைந்த எலும்பு திரும்ப வளர உதவும், தானே கரைந்துபோகும் சவ்வைச் செய்கிற வேலைக்கு.

கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலை துளிர்க்கும் முன்னே புல் ஏறிவிடும், இல்லையா? முரசு நோயில் எலும்பு கரைந்த இடத்திலும் அதேதான். எலும்பு மெதுவாக வளரும். முரசுச் சதை முந்திக்கொண்டு குழியை அடைத்துவிடும். நடுவில் மெல்லிய சவ்வை வைத்து மறித்தால் எலும்புக்கு அவகாசம் கிடைக்கும். 1980களில் வந்த சவ்வுகளை இரண்டாம் தடவை வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. கொலாஜன், பொலிலக்டிக் அமிலம் போன்றவற்றில் செய்பவை உடம்பிலேயே கரைந்துவிடும். சிலவற்றில் சதைப் பக்கம் வழவழப்பாக இருக்கும், எலும்புப் பக்கம் கலங்கள் (செல்கள்) பற்றிக்கொள்ளச் சொரசொரப்பாக இருக்கும்.

இதில் நம் ஆட்களின் பங்கும் உண்டு. 1970இல் முரசு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு, பல் வைத்தியமே கண்டிராத 480 ஆண் தேயிலைத் தொழிலாளரின் முரசை இலங்கையில் பார்க்கத் தொடங்கி 15 வருடம் தொடர்ந்தது. 8 வீதமானோருக்கு நோய் வேகமாக முற்றியது. முரசு நோய் படிக்கிறவர்கள் இன்றும் அந்த எண்களைப் படிக்கிறார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து ஒரு பிள்ளை மருந்து கண்டுபிடிக்கிற பக்கம் போகவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

சரி, வழிக்கு வருவோம். பேராதனைப் பல் மருத்துவ பீடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலோ மூலக்கூற்று உயிரியலோ எடுத்து, அப்புறம் உயிர்ப்பொருள் (இந்தச் சவ்வு மாதிரி உடம்புக்குள் வைக்கும் பொருள்) ஆய்வில் மேற்படிப்புக்குப் போகலாம். உயிரியல் பிரிவுக்காரருக்கு மொறட்டுவைப் பொறியியல் கிடைக்காது, அதற்குக் கணிதப் பிரிவு வேண்டும். அவள் தம்பிக்கு அதை இப்போதே சொல்லிவையுங்கள். இந்தச் சவ்வு வேலை நம் நாட்டில் குறைவு. பெரும்பாலும் புலமைப்பரிசிலில் வெளிநாடு போகவேண்டிவரும். வெளிநாட்டுப் பல் வைத்தியப் படிப்பு என்று ஏஜென்சிக்காரர் யாராவது வந்தால், இலங்கை மருத்துவ சபை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று விசாரிக்கும்வரை நகையை அடகு வைக்காதீர்கள்.

கெம்பஸில் பாடம் ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் எழுதிய கெட்டிக்காரப் பிள்ளைகளே முதல் வருடம் அழுததைப் பார்த்திருக்கிறேன். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் மாதங்களில் தினமும் ஒரு மணிநேரம் ஆங்கிலம் படிக்கச் சொல்லுங்கள். மகளின் கடைசித் தவணை இரசாயனவியல் புள்ளியை எனக்கு அனுப்புங்கள்.