கூழாங்கல்லும் லால்பாக் பாறையும்

ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது. 'கல்லு எப்படிப்பா உண்டாச்சு?' என்று நச்சரிக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட ஆங்கில நிலவியல் புத்தகங்கள் சில கிடைத்தன. அறிவியல் பழசு, பக்கத்துக்குப் பக்கம் கடவுள். படித்துக் காட்டலாமா?

ஒரு வாசகர், ஜெயநகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

கடவுளை விடுங்கள். வேதாளம் கதை கேட்டு வளர்ந்த நாம் யாரும் கெட்டுப்போகவில்லை. அறிவியல் பழசுதான். நிலநடுக்கத்துக்குப் பூமிக்குள் அடைபட்ட நீராவியைக் காரணம் சொல்வார், அந்தக் காலத்தில் இப்படி ஒரு புத்தகம் எழுதிய சார்லஸ் கிங்ஸ்லி. பூமியின் மேலோட்டில் நகரும் கண்டத்தட்டுகள்தான் காரணம் என்ற தெளிவு வந்ததே 1960களில்தான். அந்த இடத்தில் ஒரு வரி திருத்திச் சொன்னால் போயிற்று.

கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவது வேறு. இந்தப் புத்தகங்கள் எங்கே தொடங்குகின்றன, பார்த்தீர்களா? இகுவானோடான் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்தவர் கிடியன் மேன்டெல். முதல் பாடமாக 1836இல் ஒரு குட்டிப் புத்தகம் எழுதியபோது அவர் கையில் எடுத்தது ஒரு கூழாங்கல். கிங்ஸ்லியின் 'மேடம் ஹவ் அண்ட் லேடி ஒய்' (1870) நவம்பர் மாதப் பொட்டல்வெளி ஒன்றில் ஆரம்பிக்கிறது. இங்கே நடக்க அலுப்பாக இருக்கிறதா என்று கூட வரும் பையனைக் கேட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளத்தாக்கைக் காட்டி, இது எப்படி வந்தது என்று இழுக்கிறார்.

நீங்களோ லால்பாக் பூங்காவுக்குப் பொடிநடையாகப் போகும் தூரத்தில் இருக்கிறீர்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. 1862இல் இயற்பியலாளர் கெல்வின் மொத்தப் பூமிக்கே 40 கோடிக்கு மேல் தரவில்லை! அந்தப் பாறைமேல் மகளை நிறுத்தி போட்டோ எடுத்திருப்பீர்கள். குனிந்து பார்த்தீர்களா? வீட்டில் டைனோசர் பொம்மை மட்டும் கூடை நிறைய இருக்கும்.

அல்சூரில் எங்கள் சந்துக்கு அம்மி கொத்துகிறவர் ஒருவர் வருவார். உளியை வைக்குமுன் கல்லை வெயிலுக்குத் திருப்பி, வெள்ளையும் கறுப்புமாக ஓடும் வரிகளைப் பார்ப்பார். "வரியோட போனா கேக்கும், குறுக்கப் போனா தெறிக்கும், தள்ளி நில்லு." பாறை ஆழத்தில் வெந்து, நசுங்கி, தாதுக்கள் பிரிந்து படிந்த வரிகள் அவை என்று கல்லூரியில் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை, காரணம் மட்டும்தான் பாக்கி இருந்தது. லால்பாக் பாறையிலும் அதே வரிகள்தான். உங்கள் மகள் விரலால் தொடர்ந்து போகலாம்.

புத்தகமா? படியுங்கள், படிக்காமல் போங்கள். ஞாயிறு காலை முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் இங்கே கறுப்பு, அங்கே வெள்ளை என்று அவளே கேட்கட்டும். உடனே செல்போனை எடுத்துத் தேடாதீர்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், அப்புறம் பாறையில் கால் வைக்க முடியாது.