“அந்தச் சீனி எங்கிருந்து வருது?” என்று கேட்ட பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம்?

அன்புள்ள அக்காவுக்கு,

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நின்றபடி பேசியதில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. மகள் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகச் செய்திருக்கிறாள், எப்படியாவது டாக்டர் ஆக்கிவிட வேண்டும், தனியார் கல்லூரிக்கு அண்ணனின் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்றீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் நின்றவள் என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? “அப்பா ராத்திரி ஒரு சப்பாத்திதான் சாப்பிடுறாரு. காலையில பசியாறாம குத்திப் பார்த்தா 9 காட்டுது. அந்தச் சீனி எங்கிருந்து வருது?”

பசியாறாமலே 9 மில்லிமோல் என்பது அதிகம்தான். அது கல்லீரலிலிருந்து வருகிறது. நாம் தூங்கும்போது மூளை பட்டினி கிடக்கக் கூடாதென்று கல்லீரல் சேமித்ததை உடைத்தும், புதிதாகச் செய்தும் குளுக்கோஸை இரத்தத்தில் விடும். இன்சுலின் ‘போதும்’ என்றால் குறைக்க வேண்டும். இரண்டாம் வகை இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களின் கல்லீரல் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் ‘கொழுப்பைச் செய்’ என்ற இன்னொரு கட்டளையை மட்டும் விடாமல் கேட்கிறது. ஒரு காது மந்தம், மறு காது கூர்மை. நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 2008இல் இந்த முரணைத்தான் எடுத்து எழுதினார்கள். இன்சுலினின் சொல்லை வாங்கும் ஏற்பியே பிறவியில் பழுதாகி, இரு காதும் மந்தமானவர்களுக்குச் சர்க்கரை கடுமையாக ஏறும், கல்லீரலிலோ கொழுப்பு படிவதில்லை. இதை முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

செய்த கொழுப்பு முழுவதும் கல்லீரலிலேயே தங்குவதில்லை. துகள்களாக இரத்தத்தில் ஏறித் தொப்பைக்கும் தசைக்கும் போகிறது. தசைக்குள் சேர்ந்தால் அங்கும் இன்சுலினின் பேச்சு எடுபடாது. தொப்பையோ கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பும். ஒல்லியாக இருந்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. 2006இல் யேல் பல்கலைக்கழகத்தார் ஒல்லியான இளைஞர்களைச் சோதித்தபோது, இந்திய வம்சாவளியினரின் கல்லீரலில் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கொழுப்பு இருந்தது. என் அப்பா பால்மரம் சீவியவர், எலும்பும் தோலுமாக இருப்பார். அவருக்கு இனிப்பு நீர் என்றபோது தோட்டத்து லயத்தில் யாரும் நம்பவில்லை.

உங்கள் மகள் கேட்டது இவ்வளவு பெரிய கேள்வி அக்கா. அதற்கு டாக்டர் படிப்பு ஒரு வழிதான், ஒரே வழி இல்லை. உயிர்வேதியியல் இருக்கிறது, ஆனால் இளங்கலையோடு நிறுத்தினால் வேலை குறுகலாகத்தான் கிடைக்கும், மேலே படிக்கும் மனம் வேண்டும். டயட்டெடிக்ஸ் என்னும் மருத்துவ உணவியல் இவளுக்கு இன்னும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. கேள்வியையே அப்பாவின் தட்டிலிருந்து தொடங்கிய பிள்ளை அவள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மூன்றிலும் அந்தப் படிப்பு உண்டு. கட்டணமும் தனியார் மருத்துவப் படிப்பின் பக்கத்தில்கூட வராது. தனியார் கல்லூரி என்றே முடிவானால், 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி டயட்டீஷியனாக, அதாவது உணவியலாளராக, பதிய அந்தப் பட்டம் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு முன் மெட்ரிகுலேஷன் கிடைத்தால் ஓராண்டு, இல்லாவிட்டால் படிவம் ஆறு. எதுவானாலும் வேதியியலை அவள் விட்டுவிடக் கூடாது. கஷ்டம் என்று தோழிகள் விட்டாலும்.

சனிக்கிழமை காலை வாருங்கள். தேர்ச்சித் தாளோடு அண்ணனின் கிளினிக் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். முதல் அரைமணி நேரம் அவளே பேசட்டும்.