துப்பாக்கியின் கட்டை எதனால் ஆனது என்பதைவிட, இரும்பு அதில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்

கேள்வி: அப்பாவின் .315 ரைபிள் வாரிசு முறையில் என் லைசென்ஸுக்கு மாறிவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு, விதிப்படி ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது மரக்கட்டையில் பூசணம் பூத்திருந்தது. முன்கட்டையின் பின்முனையில் மயிரிழை விரிசலும் தெரிகிறது. டெக்சாஸில் இருக்கும் தம்பி, "மரத்தைத் தூக்கிப் போடு, சிந்தெடிக் கட்டை அனுப்புகிறேன்" என்கிறான். அவனும் தன் வேட்டை ரைபிளுக்கு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
(வாசகர், மன்னார்குடி அருகே)

பதில்: தம்பி சொல்வது அவர் ரைபிளுக்குச் சரி. உங்களுடையதற்குச் சரிவராது. இரண்டும், ஒவ்வொரு வேட்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்தான், ஆனால் கட்டை பூட்டுகிற விதமே வேறு.

உங்களுடையது போன்ற, இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 என்பது உள்ளுக்குள் பழைய லீ என்ஃபீல்டு, அதாவது வெள்ளைக்கார ராணுவத்தின் ரைபிள். ராணுவம் .303 தோட்டாவைப் பயன்படுத்திய காலத்தில் அதைப் பொதுமக்கள் கையில் விட வெள்ளைக்கார அரசு விரும்பவில்லை. அதனால் அதே அமைப்பை 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி .315 என்று விற்றார்கள். இந்தக் குடும்பத்து ரைபிளில் கட்டை ஒரே துண்டாக இருக்காது. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை தனி, தோளில் வைக்கும் பின்கட்டை தனி. அமெரிக்கக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சிந்தெடிக் கட்டைகளில் பெரும்பாலானவை ஒரே துண்டு. அவை உங்கள் ரைபிளில் ஏறவே ஏறாது.

உங்கள் விரிசல் எந்த இடத்தில் என்று படித்ததுமே காரணம் புரிந்தது. சுடும்போது வரும் உதையை, முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் இரண்டு சிறிய மரமுகங்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. துப்பாக்கியை அலமாரியில் நிமிர்த்தி வைத்து வருஷக்கணக்கில் எண்ணெய் விட்டால், அது வழிந்து அங்கேதான் தேங்கும். மரம் ஊறி மெத்தென்று ஆகிவிடும். நம் பக்கத்து ஐப்பசி மழையில் வாசக்கதவு இறுகி, மாசி வெயிலில் லொடலொடவென்று ஆடுகிறதே, அதே வீங்கலும் சுருங்கலும் இந்தச் சின்ன இடத்திலும் நடக்கிறது. இடைவெளி விழுந்தபின் ஒவ்வொரு வேட்டும் அங்கே உளி வைத்து அடிப்பது மாதிரி.

இது சரிசெய்யக்கூடிய பழுது. அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் எண்ணெயை உறிஞ்சி எடுத்து, விரிசலை எபாக்ஸியால் ஒட்டி, தேய்ந்த முகங்களில் கெட்டி மரத்துண்டு பதித்துக் கொடுப்பார். ஆனால் ஊர்த் தச்சரிடம் கொடுக்காதீர்கள். அவர் கைவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். தம்பி அனுப்பும் பார்சலும் அப்படித்தான். அந்தச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும், இறக்குமதிக்கு உரிமம் தேவை. அன்பாக அனுப்பிய கட்டை சுங்கத்தில் மாட்டினால் விளக்கம் சொல்ல அலைய வேண்டியவர் நீங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டில் நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். இந்த அமைப்பில் பின்கட்டைக்குள் ஓடும் நீளமான போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையில் உள்ள ஒரு சிறு தகட்டுக்குள் பொருந்தி நிற்கும். முன்கட்டையை முதலில் எடுக்காமல் அந்தப் போல்ட்டைத் திருகினால், மயிரிழை விரிசல் முழுப் பிளவாகிவிடும். நல்ல கட்டைகள் பலவும் இப்படித்தான் வீணாயின.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ரசீதில் அன்றைய நிலையைக் குறித்து வாங்குங்கள். தோல் உறையிலோ துணி உறையிலோ போட்டுக் கொடுக்க வேண்டாம். 2024-ல் மார்ச் 16-ம் தேதி தேர்தல் அறிவிப்பு, ஜூன் 4-ம் தேதி எண்ணிக்கை. கிட்டத்தட்ட 80 நாள் உறை ஈரத்தைப் பிடித்து வைத்தால் பூசணம் வராமல் என்ன செய்யும்? மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, அன்றே துடைத்துவிடுங்கள். இரும்புக்குப் போடும் எண்ணெய் மரத்தில் படவே கூடாது.

இனி தம்பிக்கு. டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி வேட்டையாடலாம். மழையிலும் புழுதியிலும் புரளப்போகும் ரைபிளுக்கு சிந்தெடிக் கட்டை பொருத்தமான முடிவு. ஆனால் "சிந்தெடிக்" என்ற ஒரே பெயரில் இரண்டு சாதி விற்கிறது.

ஒன்று, அச்சில் உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக். விலை குறைவு, தட்டினால் வெற்றுக் குடம் மாதிரி சத்தம் வரும். ஈரத்தில் வீங்காது என்பது உண்மைதான். ஆனால் முன்பகுதி வளையும். வாரை இறுக்கிப் பிடித்தாலோ, முன்னால் இருகால் தாங்கி வைத்து அழுத்தினாலோ கட்டை வளைந்து குழலைத் தொடும். தொட்டால் குண்டு விழும் இடம் நகரும். மரம் வீங்கியதால் குறி தப்புகிறது என்று மாற்றியவருக்கு, வேறு வழியில் அதே தொல்லை.

இன்னொன்று, கண்ணாடி இழை, கெவ்லார், கார்பன் இழை இவற்றை ரெசினில் நனைத்து அடுக்கிச் செய்வது. விறைப்பாக நிற்கும். மெக்மில்லன் இந்த வகையில் பழைய பெயர். ஹெச்-எஸ் பிரிசிஷன், பெல் அண்ட் கார்ல்சன் கட்டைகள் பலவற்றில் உள்ளே அலுமினியப் படுக்கையே பதிந்து வரும். காசு கொடுப்பதென்றால் அந்தப் படுக்கைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ரைபிளின் இரும்பு உடல் அசையாமல் உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரே இடத்தில் நிற்கும். விலை கட்டாவிட்டால், திருகு போகும் துளைகளில் உலோகத் தூண் வைத்த பிளாஸ்டிக் கட்டையாவது வாங்கட்டும். தூணும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கில் திருகை இறுக்கினால் அது நசுங்கிக்கொண்டே போகும்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ரைபிளில் பூட்டியபின் ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு, உடல் தொடங்கும் இடம்வரை இழுக்க வேண்டும். பிறகு முன்பகுதியைக் கையால் குழலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மறுபடி இழுக்க வேண்டும். இரண்டாம் முறை நோட்டு சிக்கினால் அந்தக் கட்டை வேண்டாம்.

அவருடையது ரெமிங்டன் 700 என்ற அமெரிக்க வேட்டை ரைபிள் என்றால் ஆர்டர் போடும் முன், தோட்டா ஏறும் இயக்கப் பகுதி குட்டை ஆக்‌ஷனா நீள ஆக்‌ஷனா, அடியில் திறக்கும் மூடி உள்ள பி.டி.எல். வகையா மூடியில்லாத ஏ.டி.எல். வகையா, குழல் மெலிந்ததா தடித்ததா, வலக்கையா இடக்கையா என்று பார்க்கட்டும். ஒன்று மாறினாலும் பொருந்தாது. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளத்தையும் அளக்க வேண்டும். அங்கே வழக்கமான அளவு சுமார் 13½ அங்குலம். நம்மவர் பலருக்கு அரை அங்குலம் குறைந்தால்தான் தோளில் இயல்பாக உட்காரும். மிக லேசான கட்டைக்கும் ஆசைப்பட வேண்டாம். எடை குறைந்த அளவுக்கு உதை தோளில் ஏறும்.

கேள்வி: மயிலும் பன்றியும் நெல்லைப் பாழாக்குகின்றன. லைசென்ஸ் ரைபிள் இருக்கிறது. இரவில் வயலில் தூக்கி நடக்க லேசான கட்டை எது?
(விவசாயி, பாபநாசம்)

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது, ஆனால் இந்த வேலைக்கு நான் எந்தக் கட்டையும் சொல்ல மாட்டேன். நம் தாத்தாக்கள் ஏரிக்கரையில் உள்ளான் சுட்ட காலம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் முடிந்துவிட்டது. மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதால் விலங்கைச் சுட உரிமை வந்துவிடாது. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். கட்டைக்கு வைத்திருக்கும் பணத்தை வேலிக்குப் போடுங்கள்.

கேள்வி: மகள் ரைபிள் கிளப்பில் ஏர் ரைபிள் பழகுகிறாள், வயது 13. மரமா, சிந்தெடிக்கா?
(தாய், தஞ்சாவூர்)

பதில்: கூரைக்குள் சுடுபவளுக்கு எதுவானாலும் ஒன்றுதான். கன்னம் வைக்கும் பகுதியை உயர்த்தவும் பின்முனையை நீட்டவும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளர்கிற பிள்ளை, ஆறு மாதத்தில் அளவு மாறும். அதுவரை கிளப் ரைபிளிலேயே பழகட்டும்.