வீட்டுக்கு பிளான் போட இன்ஜினியர் போதாதா?

கேள்வி: பெருந்துறை பக்கம் தறிப்பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கட்டடம் வடிவமைக்கும் ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்களோ, "சிவில் படிச்சாலே வீடு கட்டலாமே, எதுக்கு அஞ்சு வருசம்?" என்கிறார்கள். அவளுக்குப் படம் வரையவும் அவ்வளவாக வராது. சேர்த்துவிடலாமா?

பதில்: சொந்தக்காரர்கள் கேட்டதில் தப்பில்லை. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளுக்கு இன்ஜினியரோ மேஸ்திரியோதான் பிளான் போடுகிறார். சட்டமும் அதைத் தடுக்கவில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போர்டு மாட்டலாம். ஆனால் அந்தப் பெயருக்குத்தான் பாதுகாப்பு, வேலையை மற்றவர்களும் செய்யலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பெயருக்காக மட்டும் படிப்பதென்றால் வேண்டாம்.

அப்படியானால் எதற்குப் படிப்பது? தோட்டத்தில் ஒரு வீடு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும். அதை உள்ளே விட மேற்கே ஜன்னல் வேண்டும். சித்திரையில் மூன்று மணி வெயிலும் அதே ஜன்னல் வழியாகத்தான் வரும். பெரியவருக்குக் கட்டிலில் படுத்தபடியே மாடு கட்டும் கட்டுத்தரை தெரிய வேண்டும். மருமகளுக்கு முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படாமல் சமையலறைக்குப் போக வழி வேண்டும். இதற்கு நடுவே வாஸ்து பார்ப்பவர் வந்து படியைத் திருப்பிப் போடச் சொல்வார். இத்தனை பேர் சொல்வதையும் கேட்டு, பட்ஜெட்டுக்குள் ஒரே கூரையின் கீழ் பொருத்துவதுதான் ஆர்க்கிடெக்டுகளான எங்கள் வேலை. தூணுக்கும் பீமுக்கும் எவ்வளவு கம்பி என்று கணக்குப் போடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கரிசல் மண்ணாக இருந்தால் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அவரைக் கேட்காமல் அஸ்திவாரத்தில் கை வைக்கவே கூடாது.

வீடு மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். கோவையின் பழைய மில்களில் ரம்பப் பல் மாதிரிக் கூரை பார்த்திருப்பீர்கள். அந்தப் பல்லின் கண்ணாடிப் பக்கம் வடக்கே பார்க்கும். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் சீராக இறங்கும். இழை அறுந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். இழை ஓட்டத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

படம் வராது என்ற கவலையை விடுங்கள். சாமி படம் வரைவது வேறு, இது வேறு. நினைத்ததை அளவோடு தாளில் காட்டத் தெரிந்தால் போதும், அது பழகப் பழக வரும். அளவு தப்பினால்தான் வம்பு. நான் வரைந்த முதல் வீட்டில் பிளான் அழகாக இருந்தது, மாடிப்படியை நெடுக வெட்டிப் பார்க்கும் படத்தை மட்டும் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மேஸ்திரி கூப்பிட்டு, "படி திரும்புற இடத்துல பீம் தலையில இடிக்குமுங்க" என்றார். ஏழடி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரைதான் இருந்தது. சென்ட்டரிங் பலகையைப் பிரித்த கூலி என் பையிலிருந்துதான் போனது.

சேருவதற்கு பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் கட்டாயம். அவள் குரூப்பில் இரண்டும் இருக்கின்றன. அதோடு ஆர்க்கிடெக்சருக்கான நாட்டா (NATA) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்ஐடி மாதிரி இடங்களுக்கு ஜேஇஇ மெயினில் ஆர்க்கிடெக்சருக்கென்று தனித்தாள் உண்டு. படிப்பு ஐந்து வருடம், அதில் ஒரு பருவம் ஏதாவது ஆபீசில் பயிற்சி. பாடத்தைவிட, வரைந்தும் மாடல் செய்தும் பழகும் ஸ்டுடியோ வேலைதான் ஆளை வாட்டும். இரண்டு ராத்திரி தூங்காமல் செய்த மாடலை ஆசிரியர்கள் ஜூரி என்கிற மதிப்பீட்டில் பத்து நிமிடத்தில் பிரித்து மேய்வார்கள். அழுதுவிட்டு மறுநாள் திருத்துகிற மனசு வேண்டும்.

வருமானத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் சில வருடங்கள் சம்பளம் சொற்பம்தான். சொந்தமாக ஆபீஸ் போட்டாலும், கம்பிக்கும் சிமெண்டுக்கும் யோசிக்காமல் கொடுப்பவர்கள், "காகிதத்துல கோடு போட்டதுக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். பணம் உடனே வேண்டும் என்ற நிலைமை வீட்டில் இருந்தால் நன்றாக யோசியுங்கள்.

முடிவெடுக்கும் முன் இந்த லீவில் ஒன்று செய்யுங்கள். அவள் கையில் டேப்பையும் கிராஃப் தாளையும் கொடுத்து உங்கள் வீட்டை அளந்து வரையச் சொல்லுங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர். பத்தடி அறை தாளில் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். எல்லா அறையையும் கூட்டினால் வீட்டின் வெளி அளவுக்குக் குறைவாகவே நிற்கும். ஒன்பது அங்குலச் சுவர்களைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டாள். எங்கே தப்பு என்று அவளாகவே யோசித்து மறுபடி டேப்பைத் தூக்கிக்கொண்டு போனால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.