12.9 வோல்ட் இருந்தும் விளக்கு மங்குகிறதே?

கேள்வி: காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் எங்கள் டிரெய்லரில் இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் இணையாக இருக்கின்றன. சார்ஜரைக் கழற்றியதும் மீட்டர் 12.9 காட்டுகிறது. நள்ளிரவுக்குள் விளக்கு மங்கிவிடுகிறது. இரண்டையும் மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்க்கும் வோல்ட்டை நம்பவே கூடாது. முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்று வயர்களைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து ஓர் இரவு சும்மா விடுங்கள். காலையில் 12.6க்கு மேல் இருந்தால் சார்ஜ் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். 10.5 பக்கம் நின்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் (தனித்தனி அறைகளில்) ஒன்று போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆனால் வோல்ட் சொல்வது சார்ஜை மட்டும்தான். பேட்டரியின் தெம்பைச் சொல்லாது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் டிரெய்லரிலும் இதே மாதிரி ஜோடி. கடைசியில் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு மூடிகளைத் திறந்து, ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லாக கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி பார்த்தேன். ஒரு பேட்டரியில் ஐந்து செல்களில் 1.260. நான்காவது செல்லில் மட்டும் மிதவை சரியாக எழவில்லை, 1.150. ஆசிட்டும் பழுப்பாகக் கலங்கியிருந்தது. முழு சார்ஜிலும் செல்களுக்குள் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த பேட்டரி தேறாது. நோயாளி பேட்டரி, பக்கத்தில் இருந்த நல்லதையும் ராத்திரி முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு நல்லதை மட்டும் வைத்தே பல பயணங்கள் போனேன்.

மூடி திறக்க முடியாத பேட்டரியா? லோடு கொடுத்துப் பாருங்கள். 12 வோல்ட், 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். நல்ல 100 ஆம்பியர்-அவர் பேட்டரி பத்து மணி நேரம் அதை எரித்தும், பல்பை எடுத்துச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு 12.2 அருகில் நிற்க வேண்டும். நாலைந்து மணி நேரத்திலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டால், கொள்ளளவில் பாதி போய்விட்டது. கிராவிட்டி பார்க்க முடிந்தவர்களும் இதைச் செய்வது நல்லது. என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பரீட்சை.

டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், முன்பே ஊற்றினால் பொங்கி வழியும். உள்ளே இருக்கும் பிளேட் (ஈயத் தகடு) தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே விடலாம்.