கசப்பு வேறு, துவர்ப்பு வேறு: அரிய வகை டார்க் சாக்லேட் கேள்வி பதில்

கேள்வி அனுப்பியவர்கள் எல்லோரும் வடசென்னைக்காரர்கள். பாதிப் பேர் "எங்க வீட்ல ஏசி இல்லக்கா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதனால் கீழே உள்ள அளவுகளும் நேரமும் கடல்காற்று ஈரம், மே மாத வெயில், கருவாடும் பாலும் ஒன்றாகக் குடியிருக்கும் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துச் சொன்னவை.

ராயபுரம்: அக்கா, நாலு நாட்டு சாக்லேட் வாங்கிப் பார்த்துட்டேன். எல்லாம் 70 சதவீதம் கோகோ. ஒருத்தர் ஆரஞ்சுங்கிறார், ஒருத்தர் மல்லிப்பூங்கிறார். எனக்கு எல்லாமே ஒரே கசப்பு. என் நாக்குலதான் கோளாறா?

நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் கசப்பு என்று ஒரே பையில் போட்டுக் கட்டுவதில் மூன்று சங்கதி இருக்கிறது: கசப்பு, துவர்ப்பு, புளிப்பு. கசப்பு பாகற்காயில் வருவது, நாக்கோடு முடிந்துவிடும். துவர்ப்பு அப்படியில்லை. கோகோ கொட்டையிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய், பல்லும் உள்கன்னமும் வறண்டு இழுக்கும். கொட்டைப்பாக்கு மென்றால் வருமே, அதுதான். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணி வளர்ந்தவர்களுக்கு இதைப் பிரிப்பது ஒரு நாள் வேலை.

மூன்று டம்ளர் எடுங்கள். முதலாவதில் ஒரு டீஸ்பூன் வெந்தயம் இரவெல்லாம் ஊறிய தண்ணீர் 100 மி.லி. இரண்டாவதில் ஒரு டீஸ்பூன் டீத்தூளைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு வடிகட்டி ஆறவைத்தது, பால், சர்க்கரை இல்லாமல். மூன்றாவதில் கோலிகுண்டு அளவு புளி கரைத்த தண்ணீர். ஒவ்வொன்றையும் 5 விநாடி வாயில் சுழற்றித் துப்புங்கள். டீயில் கொஞ்சம் கசப்பும் சேர்ந்தே வரும். அதைத் தள்ளிவிட்டு, துப்பிய பிறகு கன்னத்தில் மிச்சமிருக்கும் இழுப்பை மட்டும் கவனியுங்கள். அதற்குப் பிறகு சாக்லேட்டை எடுத்தால், கசப்பு என்று நினைத்ததில் பெரும்பகுதி துவர்ப்பு என்று தெரியும்.

ஆரஞ்சு, மல்லி எல்லாம் நாக்கின் வேலையே இல்லை, மூக்கின் வேலை. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு 5 கிராம் துண்டை நாக்கில் வையுங்கள். மெல்ல வேண்டாம், நாக்கால் மேலண்ணத்தில் அழுத்துங்கள். முதல் 10 விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு இனிப்பும் கசப்பும் மட்டும் வரும், வாசனை சுத்தமாக இருக்காது. பாதி கரைந்ததும் மூக்கை விடுங்கள். அந்த நொடியில் குபுக்கென்று தொண்டை வழியாக மேலே ஏறுகிறதே, அதைத்தான் ஒருவர் ஆரஞ்சு என்றும் இன்னொருவர் மல்லி என்றும் சொல்கிறார்கள்.

பெரம்பூர்: லேபிள்ல கிரியோலோ, டிரினிடாரியோ, நாசியோனால், போர்சலானா, சுவாவோன்னு போட்டிருக்கு. இதுல எது வகை, எது ஊர்?

சுவாவோ வெனிசுவேலாவில் ஒரு கடலோர கிராமம். மற்றவை வகைகள். போர்சலானா என்பது மரக்காய்போ ஏரிக்குத் தெற்கே விளையும் கிரியோலோ, கொட்டை உள்ளே வெள்ளை. நாசியோனால் ஈக்வடாருக்குரியது. டிரினிடாரியோ 18-ஆம் நூற்றாண்டில் டிரினிடாட் தீவில் கிரியோலோவும், பரவலாக விளையும் ஃபொராஸ்டெரோ வகையும் கலந்து உண்டானது. கிரியோலோ, ஃபொராஸ்டெரோ, டிரினிடாரியோ என்று மூன்றாகப் பிரிப்பது பழைய வியாபாரக் கணக்கு. 2008-இல் வந்த மரபணு ஆய்வு கோகோவைப் பத்துக் கூட்டங்களாகப் பிரித்துவிட்டது. கிரியோலோவும் நாசியோனாலும் அதில் தனித்தனிக் கூட்டங்கள். ஃபொராஸ்டெரோ என்ற ஒற்றைப் பெயர் மட்டும் பல துண்டாக உடைந்துபோனது.

வாயில் தெரிகிற வித்தியாசம் இது. கிரியோலோக் கொட்டையை வெட்டினால் வெள்ளை அல்லது வெளிர்நிறம், ஃபொராஸ்டெரோ ஊதா. அந்த ஊதாச் சாயம் கிரியோலோவில் இல்லை, துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களும் குறைவு. அதனால் முந்திரி, பாலாடை போல மென்மையாக வரும். "இதுக்கா இவ்ளோ துட்டு, சப்புன்னு இருக்கே" என்று முதல்முறை சாப்பிடுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நாசியோனாலில் பூ வாசனை. அதற்குப் பெரிய காரணம் லினலூல் என்ற வேதிப்பொருள். மல்லிகைப்பூவிலும் அது உண்டு, நம் தனியாவிலும் உண்டு. நாலு தனியாவை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்துவிட்டு நாசியோனாலை வாயில் போடுங்கள், தேடியது உடனே கிடைக்கும்.

லேபிளை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். கோகோ மரங்கள் பல தன் மகரந்தத்தை ஏற்காது. சிறு பூச்சிகள் பக்கத்து மரத்திலிருந்து கொண்டுவருவதில்தான் காய்க்கும். கலப்புத் தோட்டத்தில் தாய்மரம் அரிய வகையாக இருந்தாலும் கொட்டை கலப்புதான். வகையோடு தோட்டம் அல்லது பள்ளத்தாக்கின் பெயர், அறுவடை ஆண்டு இரண்டும் போட்டிருக்கும் பாருக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பேன். "ஈக்வடார்" என்று மட்டும் இருந்தால் அது நாசியோனாலாகவும் இருக்கலாம், 1960-களில் அங்கே உருவாக்கிய அதிக விளைச்சல் கலப்பினம் சி.சி.என்.-51 ஆகவும் இருக்கலாம். பின்னது புளிப்பும் துவர்ப்பும் தூக்கலானது.

தண்டையார்பேட்டை: மே மாசம் கூரியர்ல வந்த பார் முழுக்க வெள்ளை பூத்திருக்கு. பூஞ்சையா? தூக்கிப் போட்டுடலாமா?

போடாதீர்கள். பெரும்பாலும் கோகோ வெண்ணெய் உருகி மேலே வந்து உறைந்த படிவு. சாக்லேட்டுக்குப் பளபளப்பும் 'டக்'கென்ற உடைசலும் தரும் கொழுப்புப் படிகம் 34 டிகிரி அளவில் உருகிவிடும். மே மாத மதியத்தில் டெலிவரி வண்டிப் பெட்டிக்குள் அதைத் தாண்டிவிடும். உறுதிப்படுத்த ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் கொழுப்பு. பரவிப் படிந்தால் சர்க்கரை, அதாவது ஈரம் பட்டு மேல்சர்க்கரை கரைந்து காய்ந்திருக்கிறது. விரல் சூட்டில் மறைவது கொழுப்பு, சொரசொரவென்று மறையாமல் நிற்பது சர்க்கரை. பஞ்சு மாதிரி முடி வைத்து ஊசல் நாற்றம் அடித்தால் மட்டும்தான் பூஞ்சை.

கொழுப்புப் படிந்தது சாப்பிடச் சரி, ஒப்பிட்டுச் சுவைக்கச் சரியில்லை. கரையும் வேகம் மாறியிருக்கும், மணல் போல உதிரும். 45-50 டிகிரிக்கு உருக்கி, 27-28 வரை கிளறி ஆற்றி, மறுபடி 31-32-க்கு ஏற்றி அச்சில் ஊற்றினால் பழைய நிலைக்கு வரும். ஆனால் அறை 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் கட்டிதட்டிப் போகும்.

காசிமேடு: ஃப்ரிட்ஜ்ல வெச்சா கருவாட்டு வாசனை ஏறிடுது, வெளிய வெச்சா உருகுது. என்னதான் பண்றது?

கோகோ வெண்ணெய் எந்த வாசனையையும் உறிஞ்சும். கருவாடு மட்டுமல்ல, அந்துருண்டை, சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் ஏறும். பாரை அதன் ஃபாயிலோடு ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். அதை ரப்பர் வளையம் உள்ள டப்பாவில் போட்டுப் பூட்டி, கீழே காய்கறித் தட்டில் வையுங்கள். எவர்சில்வர் சம்படம் போதாது, மூடி வழியே காற்று போகும். சுவைக்கும் நாளில் டப்பாவைத் திறக்காமலேயே வெளியே எடுத்து ஒன்றரை மணி நேரம் விடுங்கள். இந்த ஊர்க் காற்றில் குளிர்ந்த பாரைத் திறந்தால் நிமிடத்தில் வியர்த்து, மேலே சொன்ன சர்க்கரைப் படிவு வந்துவிடும்.

புது வண்ணாரப்பேட்டை: ஞாயித்துக்கிழமை ஆறு பேர் கூடுறோம். எத்தனை பார் வாங்கணும், எந்த வரிசையில தரணும்?

நான்கு பார் போதும். ஐந்தாவதுக்கு மேல் துவர்ப்பு தங்கிவிடும், நாக்கு பொய் சொல்லும். ஆளுக்கு 5 கிராம் துண்டு, மறுசுற்றுக்கு இன்னொரு துண்டு: ஆறு பேருக்கு ஒரு பாரில் 60 கிராம். எல்லாம் ஒரே தயாரிப்பாளர், ஒரே 70 சதவீதம், ஊர் மட்டும் வேறு என்றிருந்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கும். ஒன்று 65, ஒன்று 80 என்று வாங்கினால் நீங்கள் ஒப்பிடுவது சர்க்கரையை. உட்பொருளில் கோகோ, சர்க்கரை, வேண்டுமானால் கோகோ வெண்ணெய், இவ்வளவே இருக்கட்டும். கலவை பிரியாமல் இருக்கச் சேர்க்கும் லெசித்தின் பரவாயில்லை. வெனிலா இருந்தால் அந்தப் பாரை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள், அது எல்லாவற்றையும் ஒரே முகமாக்கிவிடும்.

காலை 10 அல்லது 11 மணி நல்லது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை, வெங்காயம் கிடையாது. முந்தின ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டவரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வாய் நன்றாகக் கொப்பளித்து வந்தால் போதும். அறை 22-24 டிகிரி. ஏசி இருக்கிற வீட்டைத் தேர்ந்தெடுங்கள். 32 டிகிரியில் துண்டு கையிலேயே குழையும், உடைசலைக் கேட்கவே முடியாது. மென்மையான கிரியோலோ முதலில், மடகாஸ்கர் போன்ற புளிப்புக்காரர் கடைசியில். மாற்றிக் கொடுத்தால் மடகாஸ்கருக்குப் பிறகு வருவது எதுவும் எடுபடாது. நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பில்லாத பொரி நாலு. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், கோகோ வெண்ணெய் நாக்கிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

கிண்ணங்களில் வறுத்த வேர்க்கடலை, உலர்திராட்சை, கருப்பட்டி, புளி, தனியா வைத்துவிடுங்கள். சொல்லத் தெரியாதவர் எதையாவது முகர்ந்துவிட்டுச் சொல்லட்டும். ராஸ்பெர்ரி பார்த்தே இராதவர் ராஸ்பெர்ரி என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை, நாவல்பழம் என்று எழுதட்டும்.

வியாசர்பாடி: விலை கூடின பார்தான். ஆனா ஒண்ணுல வினிகர் நெடி, இன்னொண்ணுல புகை. இது வகையோட குணமா?

இல்லை, இரண்டும் கைப்பக்குவக் கோளாறு. கொட்டையைச் சுற்றியுள்ள சதையின் சர்க்கரை நொதிக்கும்போது முதலில் சாராயமாகி, பிறகு அசிட்டிக் அமிலமாகும். கொட்டை மெதுவாகக் காய்ந்தால் அது ஆவியாகிப் போகும். அவசரமாகச் சூடேற்றிக் காயவைத்தால் தோல் இறுகி அமிலம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வறுப்பதிலும், அரைத்துக் காற்றோட்டமாகக் கடைவதிலும் கொஞ்சம் போகும், முழுதும் போகாது. புகை என்பது மழை ஊர்களில் விறகு அடுப்பு வைத்து உலர்த்தும்போது ஏறுவது. கிரியோலோவுக்கு இரண்டு மூன்று நாள் நொதித்தல் போதும், ஃபொராஸ்டெரோவுக்கு ஐந்து முதல் ஏழு நாள். கிரியோலோவையும் ஏழு நாள் போட்டு வைத்தால் அழுகல் நெடி. ஃபொராஸ்டெரோவை மூன்றில் எடுத்தால் பாக்குத் துவர்ப்பு.

கொளத்தூர்: நம்ம தமிழ்நாட்டு கோகோ அரிய வகைல வருமா?

1798-இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அம்பாய்னா தீவிலிருந்து கிரியோலோக் கன்றுகள் குற்றாலத்துக்கு வந்தன. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்பது பெரும்பாலும் ஃபொராஸ்டெரோ வழி. ஆகவே ஊர் நம்முடையது, வகை அரியதல்ல. ஆனால் ஒழுங்காக நொதிக்க வைத்த பொள்ளாச்சிக் கொட்டை, அரைகுறையாக நொதித்த கிரியோலோவைத் தோற்கடிக்கும். வெறும் பெயருக்காக வாங்குகிறவர்கள் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

திருவொற்றியூர்: அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. 85 சதவீதம்னா தரலாமா?

85 என்றால் 100 கிராமில் சுமார் 15 கிராம் சர்க்கரை, 70 என்றால் 30. ஒரு சுவைத்துண்டு 5 கிராம், அதில் முக்கால் கிராம். தரலாமா என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு துணுக்கும் வேண்டாம், கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம்.

சௌகார்பேட்டை: நிஜமாவே வித்தியாசம் தெரியுதா, இல்ல விலையைப் பார்த்து நாமளா கற்பனை பண்றோமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று கிண்ணம் போதும். இரண்டில் ஒரே பார், ஒன்றில் வேறு பார். ஒரே அளவுத் துண்டு, கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கிரியோலோ நிறத்திலேயே வெளிறியிருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். எது ஒற்றை என்று சொல்ல வேண்டும், எது நல்லது என்று அல்ல. கொடுப்பவர் ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்ற வேண்டும். இரண்டு நாளில் மூன்று மூன்றாக ஆறு தடவை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உளறினாலே ஆறில் இரண்டு சரியாக வரும். நான்கு வந்தாலும் நம்பாதீர்கள், குருட்டாம்போக்கில் நான்கோ அதற்கு மேலோ வர பத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து வந்தால் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அப்போது அந்தப் பாருக்குக் காசு கொடுங்கள். மூன்று வந்தால் மலிவானதையே வாங்குங்கள், உங்கள் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.